அட்டை இருக்கிறது, காது கேட்கிறதா?

பிறவியிலேயே காது கேளாத குழந்தையை வீட்டார் அடையாளம் காண வெகுநாள் ஆகும். சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் இன்னும் தாமதமாகலாம். குழித்தறியில் பலகை அடிக்கும் அதிர்வு தரைவழியே பரவும். பாயில் கிடக்கும் கேளாப் பிள்ளையும் அதை உணர்ந்து திரும்பக்கூடும். வரதராஜப் பெருமாளின் கருட சேவை ஊர்வலத்தில் மேளம் நெஞ்சில் மோதும்போது கண் சிமிட்டும். "கேக்குதே, அவங்கப்பன் மாதிரி லேட்டாப் பேசும்" என்று பாட்டி சொல்லிவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

அந்த ஒரு வருஷம் பெரிது. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் மூளையின் கேட்கும் பகுதி, வந்து சேரும் ஒலியைக் கொண்டே தன்னை அமைத்துக்கொள்கிறது. ஒலி வராவிட்டால் பார்வை முதலிய புலன்கள் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கும். பிறகு உட்செவியில் காக்ளியர் என்னும் கேட்கும் கருவியைப் பொருத்தினால் ஓசை கேட்கும்; பேச்சு விளங்குவது கடினம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைச் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று வைத்திருப்பது இதனால்தான்.

2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012இல் புதுவடிவம் பெற்று, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த காப்பீடு இது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பல லட்சம் விலையுள்ள கருவி ஒரு நெசவாளியின் பிள்ளைக்குக் கிடைப்பது தமிழகம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் காப்பீட்டு அட்டைக்கு வேலை.

கண்டுபிடிக்கும் கருவியும் எளியது. நலமான உட்செவி, ஒலியைக் கேட்டதும் தானும் மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி அனுப்புகிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்த உண்மை இது. தூங்கும் சிசுவின் காதில் சிறு முனையைச் செருகி, சில நிமிடங்களில் அந்த எதிரொலியைப் பதிவு செய்யலாம். எதிரொலி வராததாலேயே செவிடு என்று முடிவுகட்டக் கூடாது. காதில் நீரோ அழுக்கோ இருக்கலாம். மறுபரிசோதனை, பிறகு ஒலி மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் சிகிச்சை என்பது உலகம் பின்பற்றும் கணக்கு.

பிள்ளைகளிடம் இத்தகைய குறைகளைத் தேடி, 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்துப் பரிசோதனைச் சதவீதம் போட்டால், அதில் பெயரே இல்லாத பிள்ளை கணக்கிலேயே வராது, சதவீதமும் குறையாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி என்னும் பதிவு எண்ணோடு பதிவாகிறது, பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். பிறந்த பிள்ளைகளின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. பரிசோதனை விகிதத்தை அந்தப் பட்டியலிலிருந்து, வார்டு வார்டாகக் கணக்கிட வேண்டும். விடுபட்ட பெயரைக் கிராம, நகரச் சுகாதாரச் செவிலியரிடம் தடுப்பூசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடலாம்.