ஐந்திதழ் கொண்ட ஓரிதழ்

மழை பெய்து சில வாரம் ஆனதும், ஆடு மேயும் தரிசில் குனிந்து பாருங்கள். புல்லுக்கு நடுவே சாண் உயரத்தில் ஒரு செடி. ஒடுங்கிய இலை; இலைக் கக்கத்திலிருந்து நூல் போன்ற காம்பு; அதன் நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒற்றை இதழ். மீதியை யாரோ கிள்ளிக்கொண்டு போனது போல இருக்கும். அதுதான் ஓரிதழ் தாமரை.

தாமரைக்கும் இதற்கும் உறவு கிடையாது. இதழும் ஒன்றல்ல. பூவைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தால், பெரிய இதழுக்கு மேலே நான்கு சிற்றிதழ்கள் ஒடுங்கிக் கிடப்பது தெரியும். வரும் பூச்சி உட்கார ஒரு திண்ணை போதும் என்பது போல ஐந்தாவது மட்டும் விரிந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி சின்னப் பை மாதிரி புடைத்திருக்கும்.

இது வயலெட் குடும்பத்துச் செடி. ஊட்டிப் பூங்காவில் முகம் காட்டிச் சிரிக்கும் பான்சிப் பூ இதற்குப் பங்காளி. லின்னேயஸ் 1753இல் இதை வயோலா பேரினத்தில் சேர்த்து, 'என்னியாஸ்பெர்மா' என்று பெயரிட்டார். 'ஒன்பது விதை' என்று அதற்குப் பொருள். நாம் இதழை எண்ணினோம். அவர் விதையை எண்ணினார்.

செடிக்குள் இருக்கும் விந்தை இன்னும் பெரியது. புரதம் என்பது பொதுவாகத் தலையும் வாலும் உள்ள சங்கிலி. சில நொதிகள் அந்த நுனிகளிலிருந்து அரித்துத் தின்னும். வயலெட் குடும்பம் செய்யும் ‘சைக்ளோடைடு’ என்ற குட்டிப் புரதத்துக்கு நுனியே இல்லை. ஏறக்குறைய 30 அமினோ அமிலங்கள் வளையல் போல மூடிக்கொள்ள, உள்ளே மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப் போடுகின்றன. கொதிக்க வைத்தாலும் குலையாது. காங்கோவில் பிரசவத்தை விரைவுபடுத்தப் பெண்கள் ஒரு மூலிகையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதை நார்வே மருத்துவர் லோரன்ட்ஸ் கிரான் கவனித்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது. அந்த மூலிகை காபிக் குடும்பத்துச் செடி. அதே வகைப் புரதங்கள் நம் தரிசு நிலத்து ஓரிதழ் தாமரையிலும் இருக்கின்றன. பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது.

ஆனாலும் ஒரு விருந்தாளி தவறாமல் வருகிறது. காவி நிறச் சிறகில் கரும்புள்ளிகளோடு தாழ்வாக, அவசரமில்லாமல் பறக்கும் ‘டானி காஸ்டர்’ பட்டாம்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்று வளரும். உடலெங்கும் முள் முள்ளாக இருக்கும் அந்தப் புழுவைக் கண்டால் மருந்தடிக்க ஓடாதீர்கள். இலை போனாலும் செடி மீண்டும் துளிர்க்கும்.

வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் செடியைப் பிடுங்கிவந்து நட்டால், வேர் அறுந்து வாடிவிடும். விதையே நல்லது. காய் முற்றினால் மூன்று மடலாக வெடித்து விதை சிதறிவிடும் என்பதால், முன்கூட்டியே அதன்மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் விதையைத் தூவி, மேலே மண்ணை லேசாக விசிறினால் போதும். எல்லாம் ஒன்றாக முளைக்காது, பொறுமை வேண்டும். நல்ல வெயில் படட்டும். எருவைக் கொட்ட வேண்டாம். மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

சோதனை கோடையில்தான் வரும். தண்டு கருகி வெறும் குச்சி நிற்கும். செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்ப்பவர்கள் அதிகம். இது பல்லாண்டுச் செடி. மரம்போல் இறுகிய அடிக்கட்டையில் உயிர் தங்கியிருக்கும். மழை விழுந்ததும் அங்கிருந்தே பச்சை கிளம்பும்.

நாட்டு மருந்துக் கடையில் இதை ‘சமூலம்’ என்று கேட்பார்கள்: வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்தது. வேரோடு பிடுங்கினால்தான் சமூலம். கோடையைத் தாண்ட அந்தச் செடி சேர்த்து வைத்திருக்கும் ஒரே முதலும் அந்த வேர்தான். தரிசில் இதைப் பார்த்தால் இரண்டு காயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேர் அங்கேயே இருக்கட்டும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் குனிந்து பார்க்கலாம்.