பொறியின் நாடித் துடிப்பு



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு மலையேறுவோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். பெருமழை பெய்தால் இச்சாலையில் மண்ணும் பாறையும் சரிந்து வீழ்வதுண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போதும் அவ்வாறு சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. அத்தகைய வேளைகளில் வழியைத் திறந்து தருவன மண் அள்ளும் கனரக இயந்திரங்களே. நம் மக்கள் அவற்றைப் பொக்லைன் என்றும், ஜே.சி.பி. என்றும் வழங்குவர்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடன் பெற்றுப் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கினார். மழைக்காலத்தில் மலைச்சாலையில் வேலை கிடைத்தது. ஆனால், வேலையின் நடுவே எஞ்சின் திடீரென நின்றுவிடும். சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கிளம்பும். பழுது பார்த்தவர்கள் எஞ்சின் வேகத்தை அறியும் சென்சார் கெட்டுவிட்டது என்று கூறி, இரண்டு முறை புதியது மாற்றினர். மூன்றாம் நாள் மீண்டும் நின்றது. "ஐயா, கடன் தவணை நெருங்குகிறது; வண்டியை விற்றுவிடலாமா?" என்று வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார். அவர் கேள்விக்கு விடை காணுமுன், அந்தச் சென்சார் யாது, எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர், கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறுமாயின் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று கண்டார். உங்கள் இயற்பியல் நூலில் உள்ள அதே பாடந்தான் இங்கும் வேலை செய்கிறது. சென்சாருக்குள் ஒரு நிலைக்காந்தமும், அதைச் சார்ந்த மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. அதன் முனைக்கு எதிரே, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தின் பற்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து செல்கின்றன. பல் நெருங்கும்போது காந்தப் புலம் வலுக்கிறது, விலகும்போது தளர்கிறது. ஒரு பல்லுக்கு ஒரு துடிப்பு. சக்கரத்தில் 120 பற்கள் இருந்து, எஞ்சின் நிமிடத்திற்கு 1500 முறை சுழன்றால், வினாடிக்கு 3000 துடிப்புகள் எழும். இத்துடிப்புகளை எண்ணியே கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினின் வேகத்தை அறிகிறது. புதிய எஞ்சின்கள் பலவற்றில், எப்பொழுது எவ்வளவு டீசலைச் செலுத்துவது என்பதும் இதைக் கொண்டே முடிவாகிறது. ஆதலின் துடிப்பு அற்றால் எஞ்சின் நிற்கக்கூடும்.

கணினி காட்டும் பிழைக் குறி, சென்சார் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதன்று. அம்மின்சுற்றில் எங்கோ குறை உண்டு என்று சுட்டுவதே அதன் பணி. வகுப்பில் சத்தம் எழுந்தால், கடைசி வரிசை மாணவனை விசாரணையின்றித் தண்டிக்கும் ஆசிரியர் நல்லாசிரியர் ஆகார். இங்கும் விசாரணை வேண்டும். அதற்கு ஒரு முறையும் உண்டு.

முதலாவது, கண்ணால் காணல். இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்த பின்னரே கை வைத்தல் வேண்டும். கப்ளரில் நீர் புகுந்து பச்சை பூத்துள்ளதா, கம்பியை எலி கடித்துள்ளதா, எங்கேனும் உராய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சென்சாரைக் கழற்றினால், அதன் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கக் காணலாம். துடைத்தாலே குறை தீர்வதும் உண்டு. முனை நசுங்கியிருப்பின் அது பற்களில் உரசியிருக்கிறது என்று பொருள். முனைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகுந்தால் துடிப்பு மெலியும். மெதுவாய்ச் சுழலும்போது இயல்பாகவே மின்னழுத்தம் குறைவு. எனவே இக்குறை, ஸ்டார்ட் செய்யும் வேளையில்தான் முதலில் வெளிப்படும்.

இரண்டாவது, அளந்து காணல். மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குளிர்ந்த நிலையில் சரியாய் இருந்து, சூடேறியபின் சுருள் அறுபட்டதுபோற் காட்டுவதும் உண்டு. ஆகவே இரு நிலைகளிலும் அளத்தல் நன்று. பின்னர் ஸ்டார்ட்டரைச் சுழற்றி, மாறுதிசை மின்னழுத்தம் எழுகிறதா என்று நோக்க வேண்டும். மூன்று கம்பிகள் கொண்ட ஹால் வகைச் சென்சாருக்கு இந்த மின்தடைச் சோதனை பொருந்தாது. அதற்கு வரும் மின்சாரம், எர்த், வெளிவரும் துடிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வரலாறு கேட்டல். பழைய இயந்திரத்திற்கு இது இன்றியமையாதது. முன்னிருந்தவர் 110 பற்கள் உள்ள வேறொரு ஃப்ளைவீலை மாட்டியிருந்தால், 120 என்று கணக்கிடும் கணினி, 1500 சுற்றுகளை 1375 என்றே காட்டும். சென்சார் பொய் சொல்லவில்லை. கணக்கின் அடிப்படைதான் மாறிவிட்டது.

இனி நம் மாணவரிடம் திரும்புவோம். "தம்பி, எப்பொழுது நிற்கிறது?" என்று கேட்டேன். "நிறுத்தி வைத்துச் சோதித்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஐயா. பாறைமேல் ஏறிக் குலுங்கும்போதுதான் நிற்கிறது" என்றார். விடை அவர் வாயிலேயே இருந்தது! சாவியை அணைத்து, இருபுறமும் கப்ளரைக் கழற்றி, கம்பிக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துக் கம்பிக் கற்றையை அசைக்கச் சொன்னேன். ஓரிடத்தில் அசைத்தபோது மீட்டரில் தொடர்பு காட்டிற்று. இரும்புப் பட்டை ஒன்றின் அடியில் கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு வெளித்தெரிந்தது. குலுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டுத் துடிப்பைக் கொன்றது. புதுக் கம்பியும் அதற்கொரு உறையும் இட்டதும் குறை நீங்கிற்று. இரண்டு சென்சார்களின் விலையும், இழந்த நாட்களின் வாடகையும் மீளவில்லை.

மலைச்சரிவில் எஞ்சின் நின்றால் அதன் விசையால் இயங்கும் பகுதிகளும் செயலிழக்கும். பண இழப்போடு உயிருக்கும் ஊறு நேரலாம். ஆகையால், பொருளை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள். எப்பொழுது, எங்கே, எந்நிலையில் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் பயிலும் அறிவியலின் பயன் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. கடன்பட்ட ஒருவரின் பிழைப்பைக் காக்கவும் அது உதவும்.