கைக்கு எட்டும் இடத்தில் வயர்லெஸ்

பாய்மரப் படகில் கடலுக்குப் போகிறவர் ஆபத்து வந்தால் முதலில் தொடுவது விஹெச்எஃப் வானொலியைத்தான். மீனவர்கள் இதை வயர்லெஸ் செட் என்பார்கள். படகின் உள்ளறையில் பொருத்தியிருக்கும் செட்டின் திறன் 25 வாட்; கையில் எடுத்துச் செல்லும் வாக்கி டாக்கிக்கு 5 அல்லது 6 வாட். கரையை விட்டுச் சில மைல் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும் என்பதால் மட்டும் இது தேவைப்படவில்லை. செல்போனில் கூப்பிட்டால் ஒருவர் காதில்தான் விழும். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் சுற்றுவட்டத்தில் செட்டைத் திறந்து வைத்திருக்கும் எல்லோர் காதிலும் விழும். கடலில் முதலில் உதவிக்கு வருவது பெரும்பாலும் பக்கத்தில் போகும் கப்பலோ மீன்பிடிப் படகோதான்.

விஹெச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்தது. ஆகவே எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை வாட் கணக்கைவிட ஆன்டெனாவின் உயரமே முடிவு செய்கிறது. நீலகிரியில் தொட்டபெட்டா உச்சியில் நின்று வாக்கி டாக்கியில் பேசுவதற்கும், அருவங்காட்டுப் பள்ளத்தில் நின்று எதிர் மலையைத் தாண்டிப் பேச முயல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். 16 மீட்டர் பாய்மரத்தின் உச்சியில் ஆன்டெனா இருந்தால் 16 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கரை நிலையத்தின் கோபுரம் 49 மீட்டர் என்றால் அதன் பங்கு 29 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 45 கிலோமீட்டர், அதாவது சுமார் 24 கடல் மைல். கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வாக்கி டாக்கியைப் பிடித்துப் பேசுபவரின் பங்கு 6 கிலோமீட்டர்கூட இல்லை. கடையில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் தூரத்தை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது.

இந்த விஷயத்தில் பாய்மரப் படகுக்கு அதன் உயரமான மரமே வாய்ப்பு. ஆபத்தும் அதேதான்: மரம் முறிந்தால் ஆன்டெனாவும் சேர்ந்து கடலில் விழும். அனுபவசாலிகள் சின்னதாக ஒரு மாற்று ஆன்டெனாவைத் தனியே வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது செட்டின் பின்புறம் செருகிப் படகின் பின்பக்கக் கம்பியில் கட்டிவிடலாம்.

சானல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுவதும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கியது. அதில் கூப்பிட்டு, பதில் வந்ததும் வேறு சானலுக்கு மாறிவிட வேண்டும். ஊர்க்கதை பேசும் இடமல்ல அது. ஒருவர் பேசும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால், சுற்றிலும் வேறு யாரும் பேச முடியாது. பேசுவதற்கு ஐந்தாறு ஆம்பியர் மின்சாரம் வேண்டியிருக்கும். கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியரே தாராளம். அதனால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செட்டை அணைத்து வைப்பதில் அர்த்தமில்லை. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே பெரிய சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போய்வரும். ஃபைபர் படகு அவற்றின் ராடாரில் மங்கலாகத்தான் தெரியும். கப்பலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘உங்கள் முன்னால் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது’ என்று சொல்வதுதான் மோதலைத் தவிர்க்கும் வழி. அந்தப் பெயரை, கப்பல்களைத் தானாக அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவி காட்டிவிடும். அதுவும் விஹெச்எஃப் அலையில் இயங்குவதே.

புதிய செட்களில் மூடி போட்ட சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். மூடியைத் தூக்கிச் சில விநாடி அழுத்தினால், சானல் 70 வழியாகப் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் தானாகப் போய்ச் சேரும். அந்த ஒன்பது இலக்க எண் இந்தியப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். எண்ணைப் பதிவு செய்யாமலும் ஜிபிஎஸ்ஸை இணைக்காமலும் விட்டுவிட்டால் சிவப்புப் பட்டன் இருந்தும் பயனில்லை. செட்டை வாங்கிய அன்றே செய்ய வேண்டிய இந்த வேலையைத்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள்.

பட்டனை அழுத்திய பிறகு சானல் 16-இல் வாயாலும் சொல்ல வேண்டும். சென்னைக்குக் கிழக்கே ‘அலைமகள்’ என்ற படகில் தண்ணீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘மேடே’ என்று மூன்று முறை. படகின் பெயர் மூன்று முறை. பிறகு அடையாள எண். மறுபடி ‘மேடே, அலைமகள்’ என்று சொல்லி உடனே இடம்: 13 டிகிரி 05 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 30 நிமிடம் கிழக்கு. அதன் பின் என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியில் ‘ஓவர்’. இடத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டரி நடுவில் செத்துப்போனாலும் எங்கே தேடுவது என்பதாவது தெரிந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் ‘பான் பான்’ என்று தொடங்குவார்கள். கிழக்குக் கரையில் மீட்புப் பணியை ஒருங்கிணைப்பது சென்னையில் உள்ள கடலோரக் காவல்படை மையம்; கரையிலிருந்து தகவல் சொல்லக் கட்டணமில்லா எண் 1554.

விஹெச்எஃப் எட்டாத தூரத்தின் கொடுமையைக் குமரி மாவட்டம் 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலின்போது பார்த்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தவர்கள் பலருக்குப் புயல் எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. விசைப்படகுகளில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் நாடு தழுவிய திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. உலகம் சுற்றும் பாய்மரப் படகுகளுக்கு இதற்கு இணையாக இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் ஹெச்எஃப் வானொலி. இன்னொன்று ‘எபிர்ப்’ என்னும் அபாய அறிவிப்புக் கருவி. இது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும். இந்தியாவில் அதைப் பெறுவது பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மையம்.

இந்தத் துணைகள் எவ்வளவு தேவை என்பதற்கு அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகே சான்று. கடற்படை அதிகாரியான அவர் 2018-இல் கோல்டன் குளோப் போட்டியில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தொலைவில், புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, அவருக்கு முதுகில் பலத்த அடி. சிறிய செயற்கைக்கோள் கருவி ஒன்றின் வழியே குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது, எபிர்ப்பும் இயங்கியது. ஆனால் இரண்டாவது செயற்கைக்கோள் போனும் விஹெச்எஃப் வாக்கி டாக்கியும் அவசரப் பையில் இருந்தன. எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தவருக்கு அந்தப் பை எட்டவில்லை. அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட கடற்படையின் பி-8ஐ விமானங்களில் ஒன்று மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. 2023-இல் அதே போட்டியை அவர் இரண்டாவது இடத்தில் முடித்தார்.

பொருள் இருந்தால் போதாது, காயம்பட்டுப் படுத்த நிலையிலும் கைக்கு வர வேண்டும். வாக்கி டாக்கியை லைஃப் ஜாக்கெட்டிலேயே மாட்டிக்கொள்வது நல்லது. படகிலிருந்து விழுந்தாலும் கூடவே வரும். பேட்டரி படகின் அடியில் இருந்தால் தண்ணீர் ஏறும்போது முதலில் போவது அதுதான். வயர்லெஸ்ஸுக்கு மட்டும் ஒரு சிறிய பேட்டரியை உயரத்தில் தனியே வைப்பதுண்டு. ஆன்டெனா வயரின் இணைப்புகளை உப்புக்காற்று சத்தமில்லாமல் அரித்துவிடும். பல செட்கள் கேட்பதில் குறையில்லாமல் இருந்து, பேசும்போது கைவிடுவதற்கு இதுவே காரணம்.

செட்டைச் சோதிக்க வேறொரு படகை வேலைச் சானலில் கூப்பிட்டுப் பார்த்தால் போதும். எபிர்ப்பைச் சோதிக்க அதற்கென்று உள்ள சோதனைப் பட்டன் தவிர வேறெதையும் தொடக் கூடாது. அதன் பேட்டரிக்குக் காலாவதித் தேதி உண்டு. தவறுதலாகச் சிவப்புப் பட்டன் அழுந்திவிட்டால், பயந்துபோய் செட்டை அணைத்துவிடாமல், சானல் 16-இல் படகின் பெயரையும் எண்ணையும் சொல்லி அழைப்பை ரத்து செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் தேடுதல் தொடரும்.