மீன் இறங்கும் கடைசிப் படி

ஏஜியன் கடலின் அடித்தரையை வாரிப் பார்த்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஆழம் கூடக் கூட வலையில் சிக்கும் உயிர்கள் குறைவதைக் கண்டார். அந்தக் கணக்கை நீட்டிப் பார்த்து, சுமார் 550 மீட்டருக்குக் கீழே கடலில் உயிரே இருக்காது என்று 1840களில் சொன்னார். பலரும் ஏற்றுக்கொண்டார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அதைவிடப் பல மடங்கு ஆழத்திலிருந்து உயிர்களை அள்ளி வந்தபின் அந்தக் கருத்து நிற்க இடமில்லாமல் போனது.

கீழே வாழ்வது கடினம் என்பது மட்டும் உண்மை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. பத்து மீட்டர் தாண்டினாலே அது மங்கிவிடும். நீலம்தான் நெடுந்தூரம் இறங்கும். 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டருக்குக் கீழே சூரியனின் சுவடே இல்லை. அந்த ஆழத்து இறால்கள் பல செக்கச்செவேலென்று இருப்பதற்கும் காரணம் இதுதான். சிவப்பு ஒளி எட்டாத இடத்தில் சிவப்பு உடம்பு கறுப்பாகவே தெரியும், வேட்டைக்காரனின் கண்ணில் படாது. குளிரும் கூடும்: துருவப் பகுதிகளில் குளிர்ந்து, கனத்து, மூழ்கிய நீர்தான் உலகக் கடல்களின் அடியில் பரவிக் கிடக்கிறது. வெப்பமண்டலத்திலும் அடியாழம் இரண்டு மூன்று டிகிரிதான்.

சாப்பாடு பெரும்பாலும் மேலிருந்துதான் வரவேண்டும். செத்த நுண்ணுயிர்களும் கழிவுத் துகள்களும் ஓயாமல் உதிர்கின்றன. வழியிலேயே பெரும்பங்கு தின்று தீர்க்கப்படும். காத்திருக்க முடியாதவை மேலேறிப் போகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையின் சோனார் கருவிகளில், பகலில் தாழ்ந்தும் இரவில் உயர்ந்தும் ஒரு பொய்யான கடல்தரை தெரிந்தது. லாந்தர் மீன்கள், இறால்கள் போன்றவற்றின் மாபெரும் கூட்டம்தான் அது. இருட்டியதும் மேலே வந்து மேய்ந்து, விடியுமுன் இறங்கிவிடும். பூமியின் மிகப்பெரிய விலங்குப் பெயர்ச்சி இன்றும் ஒவ்வோர் இரவும் இப்படித்தான் நடக்கிறது.

இனி அழுத்தம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் கூடுகிறது. அழுத்தம் நசுக்குவது முதலில் காற்றைத்தான், தண்ணீர் அவ்வளவு எளிதில் சுருங்காது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்க, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் உருண்டை தேவைப்படுவது, உள்ளே மனிதர் மூச்சுவிடக் காற்று இருப்பதால்தான்.

நத்தைமீனுக்கு அந்தக் கவசம் வேண்டாம். வெளிறிய ரோஜா நிறம், செதிலில்லாத தோல், கூழ் போன்ற உடம்பு, தலைப்பிரட்டை வடிவம். மற்ற மீன்களில் பலவற்றுக்கு உள்ள காற்றுப்பை இதற்கு இல்லை. 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில், 8,336 மீட்டரில், இரை கட்டி இறக்கிய கேமராவின் முன் ஒரு நத்தைமீன் குஞ்சு நீந்திப் போனது. அங்கே அழுத்தம் 800 வளிமண்டலத்துக்கும் மேல்.

காற்று இல்லாவிட்டாலும் ஆபத்து விடுவதில்லை. அந்த அழுத்தத்தில் புரதங்கள் வடிவம் குலையும், வேலை செய்யாது. அதைத் தடுக்க மீனின் செல்களில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. நமக்கு இது அந்நியமல்ல. சந்தையில் ஐஸ் கரைந்து நேரமான மீனில் எழும் கவுச்சி வாடை, பாக்டீரியாக்கள் இந்தப் பொருளைச் சிதைப்பதால் வருவது. ஆழம் கூடக் கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடுகிறது.

எல்லையும் இங்கேதான் வருகிறது. எலும்புள்ள கடல்மீனின் உடல்நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. இந்தப் பொருள் சேரச் சேர அந்த வித்தியாசம் சுருங்கி, ஓர் ஆழத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கும் கீழே போனால் கடல்நீர் மீனின் உடலுக்குள் புகத் தொடங்கும். அந்த இடம் சுமார் 8,200 மீட்டர் என்று ஆய்வாளர்கள் 2014இல் கணித்தார்கள். எட்டு ஆண்டு கழித்துக் கேமராவில் சிக்கிய குஞ்சு அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் இருந்தது. ஃபோர்ப்ஸ் தேடிய எல்லை மீனுக்கு மட்டுமாவது இருக்கிறது, அதுவும் வேதியியல் போட்ட கோடாக.

முதுகெலும்பில்லாத பிராணிகளை இந்தக் கோடு கட்டுப்படுத்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் உடல்நீர் ஏற்கெனவே கடல் அளவுக்கு உப்பானது. ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழமுள்ள சேலஞ்சர் மடுவில், ஒரு மீனும் எட்டாத தரையில், இறாலின் உறவினங்களான ஆம்ஃபிபாடுகள் இரையைக் கூட்டமாக மொய்க்கின்றன.