கரையோர வாழ்வு – 17: மைதான ஓரத்து வசை

சென்ற வாரம் உப்பளங்களைப் பற்றி எழுதுகையில், மாலை நான்கு மணி கடந்ததும் அங்கு வேலை செய்யும் இளைஞர்களில் பாதிப்பேரை உதைபந்தாட்ட மைதானத்தில்தான் தேட வேண்டும் என்று ஒரு வரி போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த மைதானத்துக்கே இவ்வாரம் வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆயினும் ஆட்டத்தை வர்ணிப்பது என் நோக்கமன்று. ஆட்டத்தைச் சூழ்ந்து நின்று ஜனங்கள் எழுப்பும் கோஷங்களில் எது பொறுக்கத் தக்கது, எது பொறுக்கத் தகாதது என்பதைப் பற்றிச் சில காலமாக என் மனத்தை அரித்து வரும் எண்ணங்களையே சொல்லப் போகிறேன்.

வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பிலிருந்து புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம், மாரவிலை என்று தெற்கே இறங்கி வென்னப்புவை வரை நீளும் இக்கரையில், முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் சிங்களக் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தும், வேறு வேறு பாடசாலைகளில் பயின்றும், வேறு வேறு நாட்களில் திருநாள் கொண்டாடியும் வரும் நிலையில், இவர்கள் எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஒரே இடத்தில் கூடும் சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. அவற்றுள் உதைபந்தாட்டம் தலையாயது. 2021ஆம் ஆண்டு நாட்டின் சுப்பர் லீக் போட்டிகளில் ஆடிய பத்துக் கழகங்களில் ஒன்றான நியூ யங்ஸ் கழகம் வென்னப்புவையைச் சேர்ந்தது. அத்தகைய பெயர் பெறாத கழகங்களோ ஊருக்கு ஊர் உண்டு. கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் உயர அடித்த பந்து அடித்தவன் பக்கமே திரும்பி வரும் என்பதை அறிந்து, தரையோடு தரையாகப் பந்தை உருட்டிச் செல்லப் பழகிய பிள்ளைகள் கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கிறார்கள். பழைய மீன்வலையை அளவாக வெட்டிக் கோல் கம்பங்களில் கட்டி, அதன் கிழிசல்களைப் பெரியவர் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து பொத்திக்கொண்டிருப்பதை ஆட்டம் தொடங்குமுன் கண்டிருக்கிறேன்.

அத்தகைய ஓர் ஆட்டத்தில், கால்களுக்கிடையே பந்தை நழுவவிட்ட கோல் காப்பாளனைப் பார்த்து, எதிர்ப்பக்கத்தாரின் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "தம்பி, அந்த வலையக் கழட்டிட்டுக் கடலுக்குப் போ, அங்கயாவது ஏதும் படும்!" என்று எழுந்தது, நூறு பேர் சிரித்தனர், அடுத்த நிமிடம் அதுவே தாளத்தோடு கூடிய கோஷமாகி, தகரத்தைத் தட்டும் ஓசையோடு மைதானத்தைச் சுற்றி வந்தது. அந்தப் பிள்ளையின் முகம் சிவந்தது உண்மை. எனினும் அடுத்த முறை அவன் பாய்ந்து ஒரு பந்தைத் தடுத்தபோது, அதே கூட்டத்தை நோக்கித் தன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான். அவர்களும் ஊளையிட்டு அதனை ஏற்றுக்கொண்டனர். இதில் கண்டிக்கத் தக்கது ஏதுமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அவன் செய்த பிழையையே அவர்கள் ஏசினார்கள். பிழையைத் திருத்தியதும் ஏச்சுக்கு இடமில்லாது போயிற்று.

வசை பாடுவது தமிழருக்குப் புதிய வித்தையன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் வகுத்து இலக்கணமே செய்துவிட்டார். பள்ளுப் பிரபந்தங்களில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொள்ளும் பகுதியை நீக்கிவிட்டால் நூலின் உயிரில் பாதி போய்விடும். கூட்டமாக நின்று குரல் கொடுப்பதிலும் இக்கரையாருக்கு நெடிய பழக்கம் உண்டு; உடப்பில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடும் அம்பாப் பாடல்கள், கைகளின் இழுவைக்கும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் இசைவு உண்டாக்கவே பிறந்தவை. இவ்விரண்டும், அதாவது வசையும் கூட்டுக் குரலும், ஒன்றாய்ச் சேர்ந்த இடம் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்பு விளையாட்டு. மட்டக்களப்புப் பகுதியில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கோத்து இழுத்து, ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பாட்டாலேயே நாறடிப்பர். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்தின் பேரால் நடைபெற்ற அங்கெலியவும் இதன் உடன்பிறப்பே. தோற்றவர் காதுபடப் பச்சையான சொற்கள் வந்து விழும். அவர்களும் நின்று கேட்க வேண்டும். அம்மன் மனங்குளிர்ந்து நோய்நொடி நீங்கும் என்பது நம்பிக்கை. இவற்றில் கைகலப்பு மூண்டதும் உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இருப்பினும், ஏசுவதற்கு ஒரு காலமும், ஒரு களமும், ஏசியவனே திரும்ப ஏச்சு வாங்கும் ஒரு முறையும் அங்கே இருந்தன.

இனி, என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய மற்றொரு வகைக் கோஷத்துக்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளின் கட்டளையால் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். அவ்வாறு வந்தோரில் பெரும்பாலாருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. இங்குள்ளோர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, உண்ட சோற்றில் பங்கு கொடுத்ததை வந்தவர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல, காணிக்கும் தொழிலுக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வளர, "அகதி" என்ற சொல் ஒரு நிலைமையைக் குறிப்பதை விட்டு ஒரு சாதிப் பெயரைப் போல வழங்கத் தலைப்பட்டது. இங்கேயே பிறந்து, இங்கத்துத் தண்ணீரையே குடித்து வளர்ந்து, தன் தாத்தாவின் ஊரைப் படத்திலன்றி நேரில் காணாத பதினேழு வயதுப் பையன் ஒருவன் பக்கவாட்டுக் கோட்டருகே பந்தை எடுத்து வீச வந்தபோது, அவனுடைய காதுக்கு மூன்று முழ தூரத்தில் நின்று சிலர் அச்சொல்லைக் கோஷமாக்கியதை நான் கேட்டேன். அவன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கியவாறே ஒரு கணம் நின்றான். பிறகு யாருக்கு வீசுகிறோம் என்று பாராமலே வீசிவிட்டான். வேறோர் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளைப் புலி என்றும், இன்னோர் ஊரில் முஸ்லிம் பிள்ளைகளைக் குண்டு என்றும் கூவியதையும் கேட்டிருக்கிறேன்.

கோல் காப்பாளன் கையை விரித்துப் பதில் சொன்னானே, அதுபோல இந்தப் பையன் எதைச் செய்து பதில் சொல்வது? எத்தனை கோல் போட்டால் அவன் அகதியல்லாதவன் ஆவான்? ஆட்டத்திறமையால் மாற்ற இயலாத ஒன்றை, அவன் செய்யாத ஒன்றை, அவன் பெற்றோர் அனுபவித்த துயரத்தை எடுத்து அவன் மீது எறிவது ஆட்டத்தின் பகுதி ஆகாது. மியூனிக் நகரில் 1958ஆம் ஆண்டு விமான விபத்தில் மாண்ட மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களையும், ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் இரசிகர்கள் 97 பேரையும் பரிகசித்துப் பாடும் இங்கிலாந்துக் கூட்டங்கள் செய்வதும் இதுவே.

"ஆட்டத்தின் ஆவேசத்தில் வாயில் வந்ததைச் சொல்கிறோம், ஆட்டம் முடிந்தால் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறோம்" என்று என்னிடம் வாதித்தவர்கள் தீயவர்கள் அல்லர், அவர்களில் சிலர் என் அன்புக்குரியவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: கூட்டத்தில் நிற்பவன் தனியனாக இருக்கையில் சொல்லாததைச் சொல்கிறான். ஆயின் அதுவே அபாயமும் ஆகும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் குற்றச் சட்டம், ஆபாசமான அல்லது இனத்துவேஷமான கோஷத்தைத் தடுத்தபோது, இருவரோ மேற்பட்டோரோ சேர்ந்து எழுப்பினால்தான் அது கோஷம் என்று கொண்டது. ஒருவன் தனித்துக் கூவினாலும் குற்றமே என்று திருத்தியது 1999இல்தான். முதலில் சட்டம் செய்தவர்கள் கண்ட விஷயம் ஆழமானது: நூறு பேர் சேர்ந்து சொன்ன சொல்லுக்குச் சொந்தக்காரன் இல்லை, சொன்ன ஒவ்வொருவனும் வீட்டுக்குக் கவலையின்றிப் போய்விடுகிறான், கேட்டவன் ஒருவன் மட்டும் நூறு பேர் சொன்னதையும் சுமந்து போகிறான்.

மேலும், சொல்லுக்கும் கல்லுக்கும் இக்கரையில் தூரம் அதிகமில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினக் குண்டுவெடிப்புகளால் நாடே நடுங்கிப்போயிருந்த மே மாதத்தில், சிலாபத்தில் வர்த்தகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி பயமுறுத்தலாகப் பொருள் கொள்ளப்பட்டு, பள்ளிவாசல்களும் கடைகளும் கல்வீச்சுக்கு ஆளாயின. மறுநாள் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழில் செய்து வந்த ஒருவர் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நாட்களைக் கண்ட மைதானங்களில் நின்றுகொண்டு, வெறும் வாய்ச்சொல்தானே என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

அப்படியானால் பொலிஸாரை அழைத்துச் சிறையில் தள்ளுவோமா என்று கேட்டால், என் விடை இல்லை என்பதே. ஸ்பெயினில், 2023 மே மாதம் வலென்சியா மைதானத்தில் வினீசியஸ் ஜூனியர் என்ற கறுப்பின வீரரை இழித்துக் கூவிய மூவருக்கு மறு ஆண்டு நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதனை நான் அநீதி என்று சொல்ல மாட்டேன். ஸ்கொத்லாந்திலோ, 2012இல் நடைமுறைக்கு வந்த மைதான வசைத் தடைச் சட்டம், எது புண்படுத்தும் நடத்தை என்பதைத் தெளிவாக வரையறுக்கவில்லை என்ற கண்டனத்துக்கு இலக்காகி, 2018இல் நீக்கப்பட்டது. நம் நாட்டு அனுபவம் இன்னும் கசப்பானது. இன, மதத் துவேஷத்தைத் தூண்டுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதனைக் கொண்டு 2019இல் ஒரு சிங்களச் சிறுகதையாசிரியரை மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். நம் மாவட்டத்து மதுரங்குளியில் தமிழ் கற்பித்து வந்த மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அடங்கிய தம் 'நவரசம்' தொகுதியின் பொருட்டு, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்து, 2023 டிசம்பரிலேதான் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கவிதையைப் படித்து அறிய இயலாத கைகளில், மைதானக் கூச்சலை நிறுத்துப் பார்க்கும் தராசைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

கொல்கத்தாவின் கதை நமக்கு மிக அணுக்கமானது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் ஆதரவாளரில் பெரும்பகுதியினர், தேசப் பிரிவினையில் கிழக்கிலிருந்து வந்தவர்களும் அவர்களின் சந்ததியாரும். மோகன் பகான் ஆதரவாளர்களிடமிருந்து வந்தேறிகள் என்ற ஏச்சை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கின்றனர். 2020 ஜனவரியில், குடியுரிமைக்குக் காகிதம் கேட்கப்பட்ட நாட்களில், இந்த மண் இரத்தம் சிந்தி வாங்கியது, காகிதத்தால் அன்று என்ற கருத்தைப் பெருந்துணியில் எழுதி அரங்கின் உயரத்துக்கு விரித்தார்கள். 2024 ஆகஸ்டில் அரசு மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் கொலையுண்டபோதோ, இரு கழகத்தாரும் ஆட இருந்த போட்டி ரத்தாகியும், இரு பக்கத்து ஆதரவாளரும் சேர்ந்து தெருவில் இறங்கி ஒரே குரலில் நீதி கேட்டார்கள். ஏசும் தொண்டைக்கு இதுவும் முடியும் என்பதை அன்று கண்டோம்.

ஆகவே திருத்தம் மைதானத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்கிறேன். 2019 அக்டோபர் 14ஆம் தேதி, சோபியா நகரில் பல்கேரியாவும் இங்கிலாந்தும் ஆடியபோது, கறுப்பின வீரர்களை நோக்கிக் குரங்கொலி எழுப்பியதால் மத்தியஸ்தர் முதற்பாதியிலேயே இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தினார். இடைவேளையில் பல்கேரிய அணித்தலைவர் இவெலின் பொப்போவ், உடைமாற்றும் அறையில் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், தம் சொந்த ஆதரவாளர் நின்ற வேலியருகே போய் அவர்களோடு மன்றாடினார். தம் நாட்டுக்காரரிடமே ஏச்சு வாங்கக்கூடும் என்று அறிந்தே போனார். அன்று பல்கேரியா ஆறு கோல்களால் தோற்றது. அவர் செய்ததோ தோல்வியாகாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் முறைப்படி, முதலில் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிப்பது, அடுத்து வீரர்களை வெளியே அழைத்துச் செல்வது, மூன்றாவதாக ஆட்டத்தையே கைவிடுவது என்ற படிகள் மத்தியஸ்தருக்கு உண்டு. பெரிய அரங்குக்கு மட்டும் என்று எண்ணி இதனை நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் எவரும் கையாளுவதில்லை.

பெருநாள் கழிந்ததும் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்கள் அச்சிடும் விதித்தாளில் நுழைவுக் கட்டணம், வயதெல்லை, சப்பாத்து, தாமதமாக வரும் அணிக்கான தண்டம் எல்லாம் இருக்கின்றன. அதில் இன்னொரு விதி சேர வேண்டும்: பிறப்பையோ மதத்தையோ இடம்பெயர்ந்த துயரையோ குறித்துக் கோஷம் எழுந்தால், கோஷம் போட்டவர்களின் அணித்தலைவரே கோட்டைக் கடந்து போய் நிறுத்தச் சொல்ல வேண்டும், நிற்காவிட்டால் மத்தியஸ்தர் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும், புள்ளிகள் எதிரணிக்கு. இதற்கு அமைச்சரும் வேண்டாம், பொலிஸ் நிலையமும் வேண்டாம். பத்துக் கழகச் செயலாளர்கள் ஒரு மாலையில் கூடிக் கையெழுத்திட்டால் போதும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் உள்ள செயலாளர்களில் இதனைப் படிப்பவர்கள், அடுத்த விதித்தாள் அச்சுக்குப் போகுமுன் இதனைத் தம் கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)