கொள்கலன் வழி உருவாக்கச் சூழல்

கொள்கலன் வழி உருவாக்கச் சூழல் என்பது, ஒரு மென்பொருளை எழுதிச் சோதிக்கத் தேவையான நிரல்மொழிக் கருவிகள், நிரலகங்கள், தரவுத்தளம் முதலியவற்றைக் கொள்கலன் எனப்படும் தனித்த பகுதியினுள் வைத்துப் பயன்படுத்தும் முறை ஆகும். இவற்றை நிரலாளரின் கணினியிலேயே நேரடியாக நிறுவுவது உள்ளகச் சூழல் எனப்படும்.

தேவை

உள்ளகச் சூழலில், ஒருவர் கணினியில் இயங்கும் நிரல் மற்றொருவர் கணினியில் இயங்காமல் போகலாம். நிரலகங்களின் பதிப்புகள் வேறுபடுவது இதற்கு முதன்மைக் காரணம். 2012 இல் வெளியான பைத்தான் 3.3 இல் சேர்க்கப்பட்ட மெய்நிகர் சூழல், பைத்தான் நிரலகங்களைத் திட்டவாரியாகப் பிரிக்கிறது. ஆயினும் தரவுத்தளத்தையோ இயக்குதளத்தின் நிரலகங்களையோ அது பிரிப்பதில்லை. கொள்கலன் இவற்றையும் சேர்த்துப் பிரிக்கிறது.

செயற்படும் விதம்

1979 இல் வெளியான யுனிக்சின் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலுக்குக் கோப்பு முறைமையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வசதி இருந்தது. 2008 இல் லினக்சுக் கருனியில் நினைவகம், செயலி ஆகியவற்றின் பயன்பாட்டுக்கு வரம்பிடும் வசதி சேர்ந்தது. 2013 இல் வெளியான டாக்கர் இத்தகைய வசதிகளை எளிதாக்கிப் பரவலாக்கியது. தேவையானவை ஓர் உரைக்கோப்பில் வரிசையாக எழுதப்படும். அதிலிருந்து படிமமும், படிமத்திலிருந்து கொள்கலனும் உருவாகின்றன. புதிதாகச் சேரும் நிரலாளர் அதே கோப்பைக் கொண்டு சூழலை அமைத்துக்கொள்ளலாம்.

வரம்புகள்

* கொள்கலனுக்கெனத் தனிக் கருனி இல்லை. எனவே, மாக், விண்டோசு கணினிகளில் லினக்சுக் கொள்கலன்களை இயக்க ஒரு மெய்நிகர் கணினி தேவை. இது கூடுதல் நினைவகம் கொள்ளும். கோப்புகளைப் பகிர்வதும் மெதுவாகலாம்.
* செயலியின் வகை மறைவதில்லை. இன்டெல் வகைச் செயலிக்கான படிமத்தை, 2020 முதல் வெளிவரும் ஆப்பிள் செயலிக் கணினிகளில் இயக்கப் போன்மம் தேவைப்படும்.
* பதிப்பு எண் குறிக்காவிடில், டாக்கர் ‘லேட்டஸ்ட்’ எனப் பெயரிட்ட படிமத்தை எடுக்கும். அப்பெயர் பின்னர் வேறு பதிப்பைச் சுட்டலாம்.
* தரவுகளின் பொருத்தம் தானாக அமையாது. எடுத்துக்காட்டாக, போசுட்கிரெசு 15 இன் தரவுக் கோப்புகளைப் பதிப்பு 16 நேரடியாகத் திறக்காது.

தெரிவு

பலர் பணியாற்றும், பல சேவைகளைச் சார்ந்த திட்டங்களுக்குக் கொள்கலன் பொருந்தும். ஒருவரே எழுதும் சிறு நிரலுக்கு உள்ளகச் சூழல் போதுமானது. எம்முறையாயினும், பதிப்பு எண்கள் எழுத்தில் இருந்தால் மட்டுமே சூழலை மீண்டும் அவ்வாறே அமைக்க இயலும். அவை எழுதப்படாத கொள்கலனும் நாளடைவில் வேறுபடும்.