நாட்டு நேரமும் இணைப்பின் தவணையும்

1996க்கும் 2006க்கும் இடையே இலங்கையின் நேரம் மும்முறை மாற்றப்பட்டது. மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே 25இல் அது ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணிநேரமும், 2006 ஏப்ரல் 15இல் எஞ்சிய அரைமணிநேரமும் பின்னிழுக்கப்பட்டன. (விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கியது.)

இம்மாற்றம் கணினியைத் தாக்கவேண்டியதில்லை. பெரும்பாலான கணினிகள் உலகப்பொது நேரத்தையே உள்ளே பேணுகின்றன. நாட்டு நேரம் அதனோடு வலய வேறுபாட்டைக் கூட்டிப் பெறப்படுவது. வலயத்தைத் திருத்தாது கடிகாரத்தையே கையால் திருப்பும்போதுதான் இடர் தோன்றுகிறது.

2006இன் அந்த இரவை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வழங்கி. வெள்ளவத்தையில் பொதுக் கணினியொன்றிலிருந்து பாதுகாப்பான இணைப்பில் அதனோடு தொடர்புகொண்ட ஒருவர், 12.28க்கு இணைப்பை மூடாமலே எழுந்துசெல்கிறார் எனக் கொள்வோம். ஐந்து நிமிட மௌனத்தின்பின் இணைப்பை அறுக்கவேண்டிய வழங்கி, 12.33 எனத் தவணை குறிக்கிறது. 12.30க்கு அதன் கடிகாரத்தை 12.00க்குத் திருப்பிவிடுகின்றனர். தவணைக்கு இன்னும் 33 நிமிடங்கள்! அதுவரை அவ்விருக்கையில் அமரும் எவருக்கும் அவருடைய கணக்குத் திறந்தே கிடக்கும். 1996 மே மாதத்தைப்போல் முன்தள்ளினாலோ, உயிருள்ள இணைப்புகளும் தவணை கடந்தனவாகக் கருதப்பட்டு அறுபடும். முன்னதே கொடிது என்பது நம் கருத்து. அறுந்ததை எவரும் உடனே உணர்வர், திறந்திருப்பதை உணரார்.

எனவே தவணையை எண்ணுவதற்கு, கணினி இயங்கத் தொடங்கியபின் கழிந்த நொடிகளை மட்டும் கூட்டிவரும் பின்செல்லாக் கடிகாரம் வேண்டும். போசிக்ஸ் நியமம் அதற்கு இடமளித்துள்ளது. ஆயினும் பாதுகாப்புச் சான்றிதழொன்று எந்நாளில் காலாவதியாகும் என்பதை அக்கடிகாரம் அறியாது. அதற்கு நாட்காட்டி நேரமே தேவை.